பழைய வண்டிப்பேட்டை நிலத்தில் ஒரு ஏக்கரை வீடுகளுக்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வாய்க்கால்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட 112 குடும்பங்கள் சார்பில்,
தற்போது பைபாஸ் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பழைய வண்டிப்பேட்டை நிலத்தை நகராட்சிக் கடனுக்காக ஏலம் விடுவதை நிறுத்தி, அதில் ஒரு ஏக்கரில் வீடு கட்டித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் பலமுறை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ரசீது தந்தார்கள். உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். கடைசியாக வந்தது, மனு முடித்து வைக்கப்பட்டது என்ற செய்தி. என்ன முடிவு, யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால்தான் தங்கள் நேரடிப் பார்வைக்கு மறுபடி எழுதுகிறோம்.

வண்டிப்பேட்டை எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன மழையில் வாய்க்கால் உடைந்தபோது தாங்கள் நேரில் வந்து நின்ற இடம்தான். சந்தைக்கும் அரசு மருத்துவமனைக்கும் நடுவில் மூன்று ஏக்கர், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

1. வாய்க்கால் கரையைக் காலி செய்யச் சொன்னபோது நாங்கள் தகராறு செய்யவில்லை. நீர்நிலைப் புறம்போக்கு, இருக்கக் கூடாது என்றார்கள், சரி என்று எழுந்து வந்தோம். இப்போதைக்கு ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்குப் போங்கள், வண்டிப்பேட்டையில் வீடு கட்டியதும் திரும்பி வரலாம் என்று சொன்னார்கள். நகர்மன்றத் தீர்மானமும் அப்படித்தான் இருக்கிறது. நகல் இணைத்துள்ளோம்.

2. இப்போது நகர்மன்றத் தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. நிலத்தை ஏலம் விட்டு நகராட்சிக் கடனை அடைப்பேன் என்கிறார் ஒருவர். வணிக வளாகம் கட்டி வாடகை வசூலிப்பேன் என்கிறார் இன்னொருவர். ஏழைகளுக்கு வீடு என்று நோட்டீஸ் அடித்தவரிடம், எந்த இடத்தில் என்று கேட்டால் பதில் இல்லை. எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டும் வரவில்லை. ஏன் வருவார்கள்? நாங்கள் இருக்கும் குடியிருப்பு ஊராட்சி எல்லையில் இருக்கிறது. முகவரி மாறியதும் ரேஷன் கார்டு மாறியது, வாக்காளர் பட்டியலில் பெயரும் மாறியது. எங்களுக்கென்று சொன்ன நிலத்தை என்ன செய்யலாம் என்று ஊரே பேசுகிறது, அதைத் தீர்மானிக்கும் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு இல்லை. மாவட்டத் தேர்தல் அலுவலரும் தாங்களே என்பதால் இதைத் தங்களிடம்தான் சொல்ல முடியும்.

3. எங்களை மிகவும் வதைப்பது தூரம்தான் ஐயா. வீடு சின்னது, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், லிஃப்ட் கிடையாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம். 14 கிலோமீட்டரைப் பொறுக்க முடியவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஊரின் தூய்மைப் பணியாளர்கள். மற்றவர்கள் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இட்லிக் கடை போட்டிருப்பவர்கள். எல்லோருக்கும் விடிவதற்கு முன்பே வேலை. மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, காலை 5.30 மணிக்கு. குடியிருப்பிலிருந்து முதல் பஸ் 6.20-க்கு. மஸ்டருக்குப் பத்து நிமிடம் பிந்தினால் ஆப்சென்ட், அன்றைய கூலி போச்சு. ஷேர் ஆட்டோவில் போனால் போக வர கூலியில் கால்வாசி அதற்கே சரியாகிவிடுகிறது. ஆட்டோ கிடைக்காத நாளில் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து பைபாஸ் ஓரம் இருட்டில் நடக்கிறார்கள். அங்கே விளக்கில்லை. லாரிகள் வரும் வேகம் தங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறார். கணவர் இல்லை, ஏழு வயதில் ஒரு மகள். காலை நாலே முக்காலுக்கு, தூங்குகிற பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். சாவி எதிர்வீட்டுப் பாட்டியிடம். அவர் எட்டு மணிக்குக் கதவைத் திறந்து, பிள்ளைக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்புவார். இடையில் பிள்ளை விழித்துவிட்டால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே போகிறவர்களிடம் மணி என்ன என்று கேட்டுக்கொண்டே நிற்கும். பாட்டிக்குக் காய்ச்சல் வந்த அன்று கதவு திறக்க ஒன்பதரை ஆனது. தீப்பிடித்தால்? பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? அந்தப் பெண்ணைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் ஐயா. வேலையை விட்டால் சோறு கிடையாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குப்பை வண்டியோடு தெருத் தெருவாகப் போக முடியுமா? வாய்க்கால் கரையில் இருந்தபோது மஸ்டருக்கு நடந்தே போய்விட்டு, ஏழு மணிக்கு ஓடிவந்து பிள்ளையை எழுப்பிவிட்டுத் திரும்புவார். ஓட்டு வீடுதான், ஒழுகும் வீடுதான். ஆனால் பிள்ளையைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இப்படிப் பூட்டிய கதவுகள் எங்கள் குடியிருப்பில் தளத்துக்குத் தளம் உண்டு. தாங்க முடியாத சிலர் ஊருக்குள்ளேயே பத்துக்குப் பத்து அறை எடுத்துத் திரும்பிவிட்டார்கள். அட்வான்ஸ் கட்ட நகையை வைத்தார்கள், வாடகைக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். வீடு கொடுத்தாகிவிட்டது என்று கோப்பில் எழுதியிருக்கும். வேலைக்குப் போக முடியாத இடத்தில் இருக்கும் வீடு என்ன வீடு ஐயா? சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விட்டதில் எத்தனை பேர் வேலையையும் படிப்பையும் இழந்தார்கள் என்பது ஊரறிந்தது. அதே அரசு, குடிசை மாற்று வாரியத்தை 1970-ல் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்த அரசுதான். அந்த வழி தெரியாததல்ல.

4. கடனைப் பற்றி. கடன் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது பாதாளச் சாக்கடைக்கு 2017-ல் வாங்கிய கடன். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை நகர்மன்றமே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். எங்களையும் கேட்கவில்லை, கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை. அந்தக் குழாய் வாய்க்கால் கரைக்கு வரவே இல்லை. வராத குழாயின் கடனுக்கு எங்களுக்குச் சொன்ன நிலத்தை விற்பதா? வட்டி கட்ட விதைநெல்லை விற்கலாமா?

வேறு வழி இல்லாமலா இருக்கிறது? ஆலந்தூரில் 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே முன்பணம் கட்டினார்கள். பயன்பெறுகிறவர் பங்கு தருவதுதானே முறை. 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது நம்மைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கே 25 சதவீதம் ஏற்றினார்கள். நம் ஊரில் கல்யாண மண்டபமும் லாட்ஜும் இன்னும் குடியிருப்பு என்ற கணக்கில் வரி கட்டுகின்றன. முதலில் அவற்றை அளந்து வரி போடச் சொல்லுங்கள்.

5. மூன்று ஏக்கரையும் நாங்கள் கேட்கவில்லை. தரைத்தளத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு தளம் கட்டினால் தளத்துக்கு 28 வீடு, 112 குடும்பமும் அடங்கிவிடும். படிக்கட்டு, வராந்தா சேர்த்து வீட்டுக்கு 450 சதுர அடி வைத்தாலும் கட்டடம் 12,600 சதுர அடியில் நிற்கும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மீதியில் பிள்ளைகள் விளையாடலாம், தள்ளுவண்டி நிறுத்தலாம். மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு, மாநில அரசின் பங்கும் சேரும். எங்கள் பங்கைத் தவணையில் கட்டுகிறோம், எழுதித் தருகிறோம். மிச்சம் இரண்டு ஏக்கரில் நகராட்சி கடை கட்டட்டும், வாடகை வாங்கட்டும், கடனை அடைக்கட்டும்.

6. அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நகராட்சியின் வேலைகள் என்று எழுதியிருக்கிறது. 1993-லிருந்து எழுதியிருக்கிறது.

7. ஏலம் விட்டுவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? நிலம் திரும்பி வராது. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது என்பார்கள். தேர்தல் முடிந்தால் புது மன்றம் முடிவு செய்யும் என்பார்கள். அதுவரை அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்து நிற்க வேண்டுமா? ஒரு ஏக்கர் ஐயா. ஒரே ஒரு ஏக்கர்தான் கேட்கிறோம்.

ஆகவே, வண்டிப்பேட்டை நில ஏலத்தைத் தாங்கள் உடனே நிறுத்தி வைக்க வேண்டும். பழைய தீர்மானத்தின்படி ஒரு ஏக்கரை அளந்து கல் நட்டு வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். வீடு முடியும்வரை காலை 4.30 மணிக்குக் குடியிருப்பிலிருந்து ஊருக்கு ஒரு பஸ் விட ஏற்பாடு செய்ய வேண்டும். பஸ்ஸுக்குத் தேர்தல் விதி எதுவும் தடையில்லை, அதை நாளைக்கே செய்யலாம். இந்த மனுவுக்கு எழுத்து மூலமாகப் பதில் வேண்டும். முடித்து வைக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாய்க்கால்கரைக் குடும்பங்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: நகர்மன்றத் தீர்மான நகல், முந்தைய மனு ரசீதுகள்.