அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் வருகைப் பதிவேடும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

2025-26 கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். 6, 7 வகுப்புகளில் நிலைமை பரவாயில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கில் சரிவு பெரியது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஒரு தகப்பனார் அலுவலகத்துக்கு வந்தார். "ஏனுங்க டீச்சர், வடக்கத்திப் பிள்ளைங்களையும் ஒண்ணா உட்கார வெச்சா எங்க பிள்ளைங்க மார்க் கொறையத்தானுங்க செய்யும்? தனி செக்ஷன் போட்டுருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகன்மேல் உள்ள கவலையில் கேட்டார். இதே எண்ணம் இன்னும் பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். அதனால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து மதிப்பெண் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளின் வீடுகளில் தமிழ், ஒடியா, இந்தி, போஜ்புரி, தெலுங்கு எல்லாம் பேசுகிறார்கள். தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பங்களும் இருக்கின்றன, ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. மதிப்பெண் குறைந்த பெயர்களைத் தேடிப் போனால் வீட்டுமொழி ஒன்றாக இல்லை. வருகைப் பதிவேட்டில் விட்டுவிட்டு விழுந்திருக்கும் ஆப்சென்ட் குறிகள்தான் ஒன்றாக இருந்தன. தீபாவளிக்கு ஊருக்குப் போய் சத் பூஜை முடித்துத் திரும்பிய பிள்ளையும், குலசாமி கும்பிடப் போய் மூன்று வாரம் கழித்து வந்த பிள்ளையும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா கட்டிங் பிரிவில் வேலை செய்கிறார், சொந்த ஊர் ஒடிசா. மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தமிழில் 'தண்ணி' என்ற ஒரு சொல்தான் தெரியும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கிய ஆண்டு அது. பாட்டும் அட்டையுமாகப் படித்தாள், ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. போன வாரம் வகுப்புக்குள் போனேன். ஜார்கண்டிலிருந்து புதிதாக வந்த பையனின் விரலைப் பிடித்துக்கொண்டு, 'ழ'வுக்கு நாக்கை எப்படி மடக்குவது என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்த் தாளில் அவளைவிடக் குறைவாக வாங்கியவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு.

எட்டாம் வகுப்புக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. இப்போது எட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாம் வகுப்பு முழுவதும், நான்காம் வகுப்பில் பாதியும் வகுப்பறையில்லாமல் போயின. பெருக்கலும் வகுத்தலும் மனதில் பதிய வேண்டிய காலம் அது. 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. அது நான்கு, ஐந்து வகுப்புகளுக்கு விரிவடைந்தபோது ஆறுக்குப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பிள்ளைகள். ஒரு பையனின் கணக்குத் தாளில் 804ஐ 4ஆல் வகுத்து 21 என்று எழுதியிருந்தான். நடுவில் உள்ள சுழியத்தை விழுங்கிவிட்டான். இயற்கணிதக் கணக்கிலும் அதே தவறு, அதே இடம். அவனுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் கடினம் என்பதில்லை. மூன்றாம் வகுப்பில் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. இதை நாங்கள் இன்னும் முன்னதாகவே பிடித்திருக்க வேண்டும். அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இந்த ஆண்டு வந்த 'திறன்' வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை வகுத்தலிலிருந்தே மறுபடி தொடங்கவைத்திருக்கிறோம். அதைத் தண்டனையாக நினைத்துப் பிள்ளையை வீட்டில் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்பில் நேராக வந்து சேரும் வெளிமாநிலப் பிள்ளை முதல் ஆண்டில் திணறுவது உண்மைதான், வகுப்புச் சராசரி இறங்குவதும் உண்மைதான். ஆனால் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டப்படி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ எந்தப் பிள்ளையையும் நான் வாசலில் நிறுத்த முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் நிறுத்த மாட்டேன். தனி செக்ஷனும் போட மாட்டேன். தமிழ் பேசும் பிள்ளை பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளை தமிழ் கற்க வேறு வழியே இல்லை.

உங்களிடம் கேட்பது சிலதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளையோடு திரும்பிவிடுங்கள். ஹோலிக்கும், பங்குனியில் ஊர்த் திருவிழாவுக்கும் போகிறவர்கள், பிள்ளையை இங்கே உறவினர் வீட்டில் விட்டுப் போக முடியுமா என்று யோசியுங்கள். ஆண்டுத் தேர்வு அதற்குப் பக்கத்திலேயே வருகிறது. லைன் வீடு மாறுகிறவர்கள் வருட நடுவில் டி.சி. வாங்காதீர்கள்.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துகிற தாய்மார்களிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இன்று வீட்டில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டுமே கை நழுவும். குழந்தையை அங்கன்வாடியில் விட ஏற்பாடு வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், நானே கூட வந்து பேசுகிறேன்.

இன்னொன்று, சாப்பாடு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நீங்கள் எட்டு மணிக்கெல்லாம் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவதால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். மூன்றாவது பாடவேளையில் பெஞ்சில் தலை சாய்கிறது. பழைய சோறானாலும் சரி, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். ஒடியா, இந்தி பேசும் தாய்மார்களும் அதில் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கடிதத்தின் இந்திப் பிரதியை நம் பள்ளிப் பிள்ளையின் தாய் ஒருவரே எழுதித் தந்தார். பின்பக்கம் இருக்கிறது.

சனிக்கிழமை உங்களுக்குச் சம்பள நாள் என்பதால் கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்திருக்கிறேன். பிள்ளையின் கணக்கு விடைத்தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்த இடத்தில் தவறியிருக்கிறது என்று வகுப்பாசிரியர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்