35 நிமிடம் என்று சொல்லிவிட்டேன்

என் அன்பு மகளுக்கு,

நேற்றிரவு போனில் நீ, "அப்பா, மல்மோவில் இருந்து கொப்பன்ஹேகனுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டாய். நானும் யோசிக்காமல் 35 நிமிடம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப சரி, மல்மோவிலேயே வீடு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். எனக்கு நித்திரை வரவில்லை. 2001இல் இருந்து 2021 வரை, இருபது வருடம் சுவீடனில் இருக்கும் மல்மோவில் இருந்து டென்மார்க்கில் இருக்கும் கொப்பன்ஹேகனுக்கு அந்தக் கடலைக் கடந்து வேலைக்குப் போய் வந்தவன் நான். என் பிள்ளை வீடு எடுக்கப் போகிற நேரத்தில் கால அட்டவணையில் இருக்கிற ஒரு எண்ணை மட்டும் சொல்லி விட்டுவிடலாமா? அதனால்தான் விடியப்புறம் எழும்பி இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசி.

முதலில் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். மல்மோ மத்திய நிலையத்தில் இருந்து கொப்பன்ஹேகன் மத்திய நிலையத்துக்கு 35, 40 நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் உன் அலுவலகம் கொப்பன்ஹேகன் நகர நடுவில், கொங்கென்ஸ் நைடோர்வ் சதுக்கத்துப் பக்கம் என்றாய். அப்படியென்றால் நீ மத்திய நிலையம் வரை போகவே தேவையில்லை. வழியில் டென்மார்க் பக்கம் வரும் காஸ்ட்ரூப் விமான நிலையத்தில் இறங்கி, மேலே ஏறி, எம்2 மெட்ரோவைப் பிடி. ஓட்டுநர் இல்லாத அந்தச் சின்ன ரயில் கால் மணி நேரத்துக்குள் உன்னைக் கொங்கென்ஸ் நைடோர்வில் இறக்கிவிடும். வீடும் மல்மோ மத்திய நிலையத்தைச் சுற்றித்தான் வேண்டும் என்று நிற்காதே. ட்ரியாங்கெல்ன் பக்கம் பார், கிடைக்காவிட்டால் ஹில்லியே. ஹில்லியேதான் கடல் பாலத்துக்கு முதல் மல்மோவில் வரும் கடைசி நிறுத்தம், அங்கிருந்து காஸ்ட்ரூப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் மட்டில்தான். இப்படிப் பார்த்தாலும் வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து உன் மேசையில் போய் இருக்கும் வரை ஒரு மணி நேரம் பிடிக்கும், பகலில் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினாலும் கூட. நடக்கிற நேரம், மேடையில் நிற்கிற நேரம், மெட்ரோவுக்கு மாறுகிற நேரம் இதையெல்லாம் யாரும் அட்டவணையில் போடுவதில்லை.

நான் 1991இல் இங்கே வந்தபோது பாலம் இல்லை. துறைமுகத்தில் இருந்து வேகப் படகு போகும், சுவீடிஷில் அதற்குப் 'பறக்கும் படகு' என்று பெயர், முக்கால் மணி நேரம் எடுக்கும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் உன் அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டும், அதனால் டென்மார்க்கில் நடக்கும் கலியாண வீடு ஒன்றென்றாலும் பத்துத் தரம் யோசிப்பாள். அப்புறம் பாலம் கட்டினார்கள். திறப்பு விழா 2000 ஜூலை 1இல். அதற்கு முதல், ஜூன் 12இல், பாலத்தின் மேலால் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய 80,000 பேர் ஓடினோம். டென்மார்க் பக்கம் தொடங்கி, கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் இறங்கி, தீவில் வெளியே வந்து, பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்தும் ஓடியும் மல்மோ வந்து சேர்ந்தேன். அப்போது நீ பிறக்கவில்லை. அந்த மெடலைத்தான் சின்ன வயதில் நீ எடுத்துப் பொம்மைக்குப் போட்டு விளையாடினாய்.

நீ ஜன்னல் பக்கம் இருந்து போகப் போகிறவள், அதனால் இதையும் சொல்கிறேன். கொப்பன்ஹேகனில் இருந்து வரும்போது முதலில் நாலு கிலோமீட்டர் சுரங்கம், பிறகு நாலு கிலோமீட்டர் நீளத் தீவு, அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் பாலம். முழுக்கப் பாலமாகவே கட்டியிருக்கலாமே என்று நீ ஒருக்கால் கேட்டாய், எனக்கு அப்போது பதில் தெரியாது. தூண்கள் 204 மீட்டர் உயரம், அதைக் காஸ்ட்ரூப்புக்குக் கிட்ட நட்டால் விமானங்களுக்கு ஆபத்து, கப்பல் போகிற வழியும் திறந்து இருக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பக்கம் கடலுக்கு அடியில் போனார்கள். நடுவில் இருக்கும் தீவு மனிதர் போட்ட தீவு. பக்கத்தில் ஏற்கனவே சால்ட்ஹோல்ம், அதாவது உப்புத் தீவு, இருந்தபடியால் இதற்கு பெபர்ஹோல்ம், மிளகுத் தீவு, என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாட்டு ரயில் பாதைக்கும் மின்சாரம் கூட ஒன்றில்லை. டென்மார்க்கில் 25,000 வோல்ட், சுவீடனில் 15,000. இந்த ரயில்கள் இரண்டிலும் ஓடும்படி செய்தவை. மாறுகிற இடத்தில் சில கணம் காற்றோட்டச் சத்தம் அடங்கிப் போவதை நான் கவனித்திருக்கிறேன். அந்த அமைதி வந்தால் எனக்கு வீடு கிட்டிவிட்டது என்று அர்த்தம்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

2016 ஜனவரி உனக்கு நினைவிருக்கும். அந்த மாதம் 4ஆம் திகதியில் இருந்து, டென்மார்க்கில் இருந்து சுவீடனுக்கு ரயில் ஏறும் எல்லோரும் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று ஆனது. வேலை முடிந்து வருகிற நாங்கள் எல்லோரும் காஸ்ட்ரூப்பில் இறங்க வேண்டும், படி ஏற வேண்டும், வரிசையில் நின்று அட்டையைக் காட்ட வேண்டும், பிறகு மற்ற மேடைக்கு இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். பதினைந்து வருடமாகப் பக்கத்து ஊருக்குப் போவதுபோல் போய் வந்த எனக்கு, அது வேறு நாடு என்பது அந்த வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. நாட்டை விட்டு வந்தவர்களுக்கு வரிசையும் அட்டையும் என்ன நினைவைக் கொண்டுவரும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மாதப் பயண அட்டை என் கோட்டுப் பையில் இருக்கும். பணப்பையையும் அதில் இருந்த சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அன்று வேலையிடத்தில் அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டேன், அது முழுக்க என் கவனக்குறைவு. காஸ்ட்ரூப்பில் வரிசையின் முன்னால் வந்து பைக்குள் கையை விட்டபோதுதான் தெரிந்தது. அட்டை இல்லாமல் ஏலாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பக் கொப்பன்ஹேகனுக்கு ரயில், அங்கிருந்து பஸ், அலுமாரி, திரும்ப பஸ், ரயில், வரிசை. அன்று உனக்கு வயலின் வகுப்பு. வகுப்பு முடிந்து ட்ரியாங்கெல்ன் நிலையத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நீ எனக்காக நிற்பாய், அதுதான் நம் வழக்கம். உன் போனில் சார்ஜ் இல்லை. அம்மாவுக்கு இரவு வேலை. நான் வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. வயலின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் இருந்தாய். என்னைப் பார்த்ததும் அழவில்லை, "அப்பா, நீ வராமல் விட்டுவிடுவாயோ என்று நினைத்தேன்" என்றாய். வீட்டுக்கு வந்து சோறு போட்டுத் தந்தேன், நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவே இல்லை. பத்து வருடமாகிறது. இப்போது சொல்கிறேன், என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

அந்தச் சோதனை 2017 மே மாதம் எடுபட்டது. ஆனால் சுவீடன் பக்கம் ஹில்லியேயில் போலீஸ் ஏறிப் பார்ப்பது தொடர்ந்தது, எப்போது வருவார்கள் என்று சொல்ல ஏலாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக டென்மார்க் எல்லையை மூடியபோது, வேலைக்குப் போகிறேன் என்று காட்டக் கடிதம் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு நான் பயணம் செய்தேன். நீ சுவீடன் குடியுரிமை உள்ளவள், பயமில்லை. இருந்தாலும் பாஸ்போர்ட் அல்லது தேசிய அடையாள அட்டை உன் உடம்போடு இருக்க வேண்டும். பையில் வைத்தால் பையை மாற்றுவாய். போன் உறைக்குள் வை.

டிக்கெட்டை ஏற முதல் எடு. மேடைக்குப் போகிற வழியில் கதவோ தடுப்போ கிடையாது, யாரும் உன்னை நிறுத்த மாட்டார்கள், அதனால் மறந்துபோவது சுலபம். டென்மார்க் குரோனரும் சுவீடன் குரோனரும் வேறு வேறு, டென்மார்க்கினது மதிப்புக் கூட, சம்பளத்தையும் வாடகையையும் ஒப்பிடும்போது இதை மனதில் வை. வரி விஷயம் எனக்கு முழுதாக விளங்காது. வீட்டில் இருந்து வேலை செய்கிற நாட்களுக்கான விதியை இரண்டு நாடுகளும் 2025 ஜனவரியில் இருந்து மாற்றியிருக்கின்றன. ஒரெசுண்ட்டிரெக்ட் என்று இதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது, நேராக அவர்களிடம் கேள், நண்பர்கள் சொல்வதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதே.

இரவு பிந்தினால் பதறாதே, நடுச்சாமத்துக்குப் பிறகும் மணிக்கு ஒரு ரயில் ஓடும். ஆனால் நித்திரை கொள்ளாதே. இந்த ரயில்கள் பல மல்மோவோடு முடிவதில்லை, சுவீடனுக்குள்ளே கோதென்பர்க், கல்மார், கார்ல்ஸ்க்ரூனா என்று போய்க்கொண்டே இருக்கும். நான் இரண்டு தரம் மல்மோவைத் தாண்டி லுண்டில் கண் விழித்திருக்கிறேன்.

பாலத்தில் ரயிலே ஓடாத நாளும் வரும். காற்று, மின்தடை, ஏதோ ஒன்று. அப்படியான ஒரு மாசி மாதத்து மாலையில் எல்லோரும் மாற்று பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க, நான் கடற்கரை ரயில் பிடித்து வடக்கே ஹெல்சிங்கோருக்குப் போனேன். முக்கால் மணி நேரம். அங்கே இறங்கினால் கப்பல் பக்கத்திலேயே. கடல் அந்த இடத்தில் நாலு கிலோமீட்டர்தான் அகலம், இருபது நிமிடத்தில் சுவீடன் பக்கம் ஹெல்சிங்போரி. கப்பல் நிற்கிற கட்டிடத்திலேயே மல்மோ ரயிலும் இருக்கிறது. வீட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது. ஆனால் கப்பலில் சூடாக ஒரு கோப்பி குடித்தேன், என் கையில் ஒரு வழி இருந்தது. இந்த வழியை மனதில் பதித்து வை.

இப்போது வீட்டு விஷயம். நீ எனக்குக் கிட்ட வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு இந்த வீட்டில் மாலை நேரம் சரியான நீளம். ஆகவே நான் சொல்வதில் அந்த ஆசையைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடு. வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மல்மோவில் வீடு எடுக்காதே. ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம் ரயிலுக்குக் கொடுக்கப் போகிறாய். தனியாக இருக்கிற இப்போது அது பெரிதாகத் தெரியாது, புத்தகம் வாசிப்பாய், பாட்டுக் கேட்பாய். நாளைக்கு உனக்காக யாராவது நிலையத்தில் காத்து நிற்கத் தொடங்கினால் அந்த இரண்டு மணி நேரத்தின் கணக்கு மாறிவிடும். அப்போது நீ கொப்பன்ஹேகனில் இருந்தாலும் சரிதான், நான் ரயில் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். வழி எனக்குத் தெரியும். ஒரு வருட ஒப்பந்தமாகப் பார், அதற்கு மேல் இப்போது போடாதே.

ஆகஸ்டில் வேலை தொடங்க முதல் ஒரு திங்கட்கிழமை காலையில் இருவருமாகப் போய்ப் பார்ப்போம். ஞாயிறு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இடம் தாராளமாக இருக்கும், அது உனக்கு ஒன்றையும் சொல்லித் தராது. எட்டு மணிக்கு அலுவலக வாசலில் நிற்பதுபோல் இங்கிருந்து வெளிக்கிடுவோம், நீ நேரத்தைக் குறித்துக்கொண்டு வா. திரும்பும்போது மல்மோ மத்திய நிலையம் வரை வருவோம். அங்கே கீழ் மேடைச் சுவரில் உலகத்து ரயில் ஜன்னல் காட்சிகள் ஓடுமே, எந்த நாடு என்று நீ சொல்ல, நான் இல்லை என்று சொல்ல, ரயிலை விட்டுவிட்டு நின்றிருக்கிறோம். அது இப்போதும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் பாஸ்போர்ட் எந்தத் திகதியில் முடிகிறது என்று பார்த்து எனக்கு எழுது. ஆகஸ்டுக்குக் கிட்ட முடிகிறதென்றால் இப்போதே போலீஸில் நேரம் எடு, கோடையில் அங்கே சரியான சனம்.

அன்புடன்
அப்பா