கப்பல் சுற்றுலா செல்வோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பில் கப்பல் சுற்றுலா பற்றிய கட்டுரைகள் அண்மைக்காலமாக அடிக்கடி வெளிவருகின்றன. நீச்சல் குளமும், இசை அரங்கும், மேல்தளத்திலிருந்து காணும் சூரிய அஸ்தமனமும் அவற்றில் அழகாக விவரிக்கப்படுகின்றன. ஆனால் பயணச்சீட்டு வாங்கிய நாள் முதல் கப்பலில் ஏறும் நாள்வரை பயணி செய்ய வேண்டியவற்றைப் பற்றி ஒரு பத்திகூடக் கண்ணில் படுவதில்லை. பயணிகள் கப்பல்களின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த மேசையின் முன் கலங்கிய முகத்தோடு வந்து நின்றவர்களை நினைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோருடைய துன்பம், வீட்டில் பெட்டியை அடுக்கும்போதே தவிர்த்திருக்கக்கூடியது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வயதான அம்மையார் ஒருவர் கேபின் சாவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே வந்து, தம் கணவருக்கு இரவு உணவுக்கு முன் இன்சுலின் போட வேண்டும் என்றும், மருந்து பெரிய பெட்டியில் இருக்கிறது என்றும், பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்றும் சொன்னார். துறைமுக வாசலில் சுமைப் பணியாளரிடம் ஒப்படைக்கும் பெட்டி நம்மோடு கப்பலில் ஏறுவதில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு சேர்ந்து ஊடுகதிர்ச் சோதனைக்குப் போய், தளவாரியாகப் பிரிக்கப்பட்டு, கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகும், சில நாள்களில் இரவும் ஆகிவிடும். அவர்களுடைய பெட்டிக்கு இன்னொரு தடையும் இருந்தது. அதற்குள் சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்று இருப்பது சோதனையில் தெரிந்ததால், உரியவர் வந்து திறந்து காட்டும்வரை அதைப் பாதுகாப்பு அறையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே வரிசையாகக் கிடந்த பெட்டிகளுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துத் திறந்தபோது, மடித்த சட்டைகளுக்கு இடையில் இன்சுலின் பேனாக்கள் துவாலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி. நடைக்கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகவே, முதல் நாளுக்கென்று தனியாக ஒரு கைப்பை வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு, காப்பீட்டுத் தாள், கண்ணாடி, ஒரு மாற்றுடை, குழந்தைக்கு வேண்டியவை, எல்லாவற்றுக்கும் மேலாக மருந்துகள் ஆகியவை அந்தப் பையிலேயே இருக்க வேண்டும். மருந்துகளை அவற்றின் சொந்த உறையோடும், வணிகப் பெயரை மட்டுமன்றி மருந்தின் பொதுப்பெயரையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடும், பயண நாள்களைவிடச் சில நாள்களுக்குக் கூடுதலாகவும் எடுத்துச் செல்வது நல்லது. புயலால் கப்பல் திரும்புவது தாமதமானால், நடுக்கடலில் மருந்துக்கடையைத் தேட முடியாது. கப்பலில் மருத்துவரும் சிறிய மருத்துவ மையமும் இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் ஆண்டுக்கணக்காக எடுத்துவரும் அதே மாத்திரை அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கேபினிலுள்ள சிறு குளிர்பெட்டி பல கப்பல்களில் பானங்களைச் சற்றுக் குளிர்விக்க மட்டுமே பயன்படுவது. குளிர்நிலையில் வைக்க வேண்டிய மருந்து இருந்தால், அதற்கான தனிக் குளிர்பெட்டியைப் பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலியும் ஆக்ஸிஜன் கருவியும் தேவைப்படுவோருக்கும் இது பொருந்தும்.

கப்பல் மருத்துவ மையத்தில் அளிக்கும் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் உண்டு. பயணச்சீட்டில் அது அடங்காது. நிலைமை மோசமானால் நோயாளியை ஹெலிகாப்டரிலோ அடுத்த துறைமுகத்திலோ இறக்கிக் கரையிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப நேரிடும், அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது. உள்நாட்டில் நாம் எடுத்து வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு கடலிலும் அயல்நாட்டிலும் செல்லுபடியாகுமா என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகாது என்றால், அவசர மருத்துவ வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுத்த பிறகே புறப்பட வேண்டும்.

ஆவணங்களில் நேரும் பிழைக்குக் கப்பல் வாசலில் பரிகாரம் இல்லை. பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதங்களுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஒரே பயணத்தில் கப்பல் மூன்று நான்கு நாடுகளைத் தொடும்போது, ஒவ்வொன்றின் விசா விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இதில் பலர் தவறுவது, புறப்பட்ட நாட்டுக்கே கப்பல் திரும்பி வரும்போதுதான். அந்த நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாகவே அது கருதப்படுவதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா அங்கே போதாது. சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும் என்பதால், கடைசி வாரத்தில் அதற்காக அலைவதில் பயனில்லை. 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் என்பது பழைய சான்றிதழ் வைத்திருப்போருக்கு ஆறுதலான செய்தி. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, இருபத்து நான்காவது வாரத்தை எட்டிவிட்டவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் பொதுவாக இடமில்லை. விமானத்தில் சென்று கப்பல் ஏறுவோர் முந்தைய நாளே துறைமுக நகரை அடைந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமானம் தாமதமானால் அடுத்த விமானம் உண்டு. அந்தக் கப்பல் மறுநாள் அங்கே இருக்காது.

இஸ்திரிப் பெட்டியை ஏன் தடுக்கிறார்கள் என்று பலரும் என்னிடம் கோபத்தோடு கேட்டிருக்கிறார்கள். கடலில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்கத் தெரு இல்லை என்பதே அதற்கான பதில். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘ஸ்டார் பிரின்சஸ்’ என்ற கப்பலின் பால்கனியில் பற்றிய தீ பல கேபின்களுக்குப் பரவியது, புகையில் சிக்கிப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. மெழுகுவர்த்தி, மின்கெண்டி, மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கப்பலின் மின்னமைப்பு வீட்டு மின்னமைப்பிலிருந்து வேறுபட்டது. நம் வீட்டில் பாதுகாப்பு தரும் அதே கருவி அங்கே சூடேறித் தீப்பற்ற இடமுண்டு.

இனி, நான் மிகவும் வருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘மஸ்டர்’ என்று கப்பலில் அழைக்கப்படும் அவசரகால ஒத்திகையைப் பயணிகள் ஒரு தொல்லையாகவே எண்ணுகிறார்கள். 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவை ஒட்டிய பாறையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ மோதிச் சாய்ந்தபோது அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி அனுமதித்திருந்தது. டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் உருவாகிப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, கோஸ்டா கான்கார்டியா விபத்துக்குப் பிறகு மீண்டும் திருத்தப்பட்டது. 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அவசர காலத்தில் பயணிகள் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்கு உடனே செல்ல வேண்டும் என்று பொருள். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பதிவு செய்தால் போதும். ஆனால் அந்த ஒருமுறையும் லிப்ட்டில் போகாதீர்கள். அவசர காலத்தில் லிப்ட்டைப் பயன்படுத்த முடியாது என்பதால், கேபினிலிருந்து படிக்கட்டு வழியாகவே நடந்து செல்லுங்கள்; குழந்தைகளையும் கைபிடித்து அழைத்துச் சென்று, எத்தனை கதவுகள் தாண்டிப் படிக்கட்டு வருகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் கண்ணைவிட அந்த எண்ணிக்கைதான் உதவும்.

வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும் நோரோவைரஸ், பலர் நெருங்கி வாழும் கப்பலில் வேகமாகப் பரவும். சானிட்டைசரைத் தடவிக்கொண்டால் போதும் என்று எண்ணுவது தவறு. ஆல்கஹாலுக்கு அந்த வைரஸ் எளிதில் அடங்குவதில்லை. சோப்புப் போட்டு இருபது நொடியாவது கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உடல்நிலை சரியில்லாமல் போனால், கேபினுக்குள் அடைத்து வைப்பார்களே என்று மறைக்காமல் மருத்துவ மையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

கடல் குமட்டலுக்கு அஞ்சுவோர் கேபினைத் தேர்ந்தெடுக்கும்போதே கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியைக் கேட்டு வாங்கலாம். ஆட்டம் அங்கேதான் குறைவு. உள்காது உணரும் அசைவும் கண் காணும் அசையாத சுவரும் ஒன்றோடொன்று முரண்படும்போதே தலைசுற்றுகிறது. எனவே படுத்துக்கொண்டு கைபேசியைப் பார்ப்பதை விட்டு, வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்பது பலருக்குக் குணம் தரும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போடுவதுதான் பயன் தரும், ஆனால் வேறு மருந்து எடுப்போர் அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துறைமுகங்களில் இறங்குவோர், கப்பலில் கடைப்பிடிக்கும் நேரமும் கரையின் நேரமும் வேறுபடலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கைபேசி தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும் என்பதால், கப்பல் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று இருப்பது நல்லது. நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பாஸ்போர்ட்டின் நகலையும், கப்பலில் அன்றன்று தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் (அங்கே கப்பல் நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவரின்) தொலைபேசி எண்ணையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வானிலையை முன்னிட்டு ஒரு துறைமுகத்தைக் கைவிடக் கேப்டனுக்கு உரிமை உண்டு. அந்தக் கோபத்தை வரவேற்பு மேசையில் இருப்பவர்மீது காட்டிப் பயனில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், குளிர்பானம், இணையம், சிறப்பு உணவகம், நாள்தோறும் சேரும் சேவைக் கட்டணம் ஆகியவை பயணச்சீட்டில் அடங்கியிருக்கின்றனவா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். கைபேசியைக் கப்பல் ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். செயற்கைக்கோள் வழி ரோமிங் கட்டணத்தால் பதறியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கடைசி இரவில் பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டியிருக்கும். அவற்றை மறுநாள் கரையில்தான் திரும்பப் பெறலாம். அப்போதும் அதே கைப்பை வேண்டும். மறுநாள் காலை உடுத்த வேண்டிய துணியையும் காலணியையும் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு, இரவு உடையோடு என் மேசைக்கு வந்து நின்றவர்கள் உண்டு.

தங்கள் சுற்றுலா இணைப்பில் இனிக் கப்பல் பயணக் கட்டுரை வெளிவரும்போதெல்லாம், படங்களுக்கு நடுவே ஒரு சிறு கட்டமாவது ஒதுக்கி இக்குறிப்புகளை அச்சிட வேண்டுகிறேன். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும் என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பயணிகள் கப்பல் ஊழியர்