பேஸ் கிட்டார் நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பேஸ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணா ஒருவர் சொன்ன பதிலில் அக்கா ஒருவர் திருத்தம் சொல்லி, அதை இன்னொரு தம்பி படமாகவே வரைந்து அனுப்பியிருக்கிறார். எது யார் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை. அதனால் இந்த மடல் எல்லோருக்கும் பொது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: என் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான மின் கிட்டார்) கைமாறி வந்த பழைய கருவி. 4 தந்தி, 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்). எல்லாவற்றிலும் தடித்த ஈ தந்தியை முதல் சில ஃபிரெட்டுகளில் (நெக் எனப்படும் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்) எங்கே அழுத்தினாலும் ஜிர்ரென்று ஒரு சத்தம். பழுது பார்க்கக் காட்டிய இடத்தில், "நெக் போச்சு, மாற்றித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார்கள். நெக்கை மாற்றுவதற்குப் புதிதாக ஒன்றே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. எந்த மாடல் நல்லது என்று உங்களைக் கேட்டேன்.

ஒருவர்கூட மாடல் பெயர் சொல்லவில்லை. கேள்விகள்தான் வந்தன. தந்தியைத் திறந்து மீட்டினால் சத்தம் வருகிறதா, அழுத்தினால் மட்டுமா? 5ஆவது ஃபிரெட்டைத் தாண்டினால் நின்றுவிடுகிறதா? ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாகவும் கேட்கிறதா, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கிறதா? கடைசியாக எப்போது தந்தி மாற்றினீர்கள், அதே தடிமன்தானா? வாங்கச் சொல்வது சுலபம். முகம் தெரியாத ஒருவருடைய கருவியைப் பற்றி இவ்வளவு பொறுமையாக விசாரிக்க, அந்தக் கருவியின்மேல் உண்மையான அக்கறை வேண்டும்.

நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்கிற எஃகுக் கம்பி ஓடுவது தெரிந்ததுதான். 4 தந்திகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ விசையில் நெக்கை முன்பக்கம் வளைக்கப் பார்க்கும்; அந்தக் கம்பி அதை எதிர்த்துப் பிடித்து நிற்கும். அதை எப்படி அளப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டணும். நெக் உடம்போடு சேருகிற இடத்து ஃபிரெட்டில் ஈ தந்தியை அழுத்திப் பிடிக்கணும். அப்போது இடையில் இருக்கிற தந்தி ஒரு நேர்கோடு. 7, 8ஆவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, இருந்தால் நல்லது. என் பேஸில் கார்டு என்ன, வெளிச்சமே நுழையவில்லை. தந்தி ஃபிரெட்டின்மேல் படுத்துக் கிடந்தது. நெக் லேசாகப் பின்பக்கம் வளைந்திருக்கிறது, அதனால்தான் தொல்லை முதல் ஃபிரெட்டுகளோடு நிற்கிறது என்று படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டீர்கள்.

அன்று இரவு வேலையில் இருந்த அண்ணா கூடவே இருந்து செய்யவைத்தார். முதலில் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். அப்புறம் ட்ரஸ் ராட்டின் முனை நட்டில் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) மாட்டி, கம்பி தளரும்படி இடப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் பலம் கொடுக்கக் கூடாது. அங்கேயே நிறுத்திவிட்டு எழுத வேண்டும். திருப்பியதும் சட்டென்று ஒரு சத்தம் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பயப்படாதீங்க, ரொம்ப நாள் அசையாத நட்டு அப்படித்தான் பேசும்" என்று எழுதினார். திரும்ப ட்யூன் செய்து, கார்டை வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சின்னத் திருப்பு. "சரி, இன்றைக்கு இது போதும். மரம் நிதானமாகத்தான் நகரும். நாளைக்கு அளங்க, இப்ப போய்த் தூங்குங்க." மறுநாள் அளந்தபோது கார்டு நுழைந்தது. 3ஆவது ஃபிரெட்டில் ஜி சுரம் சுத்தமாக, இழுத்து நின்றது. போய்விட்டது என்று சொன்ன நெக் அதே நெக்தான். மாற்றவே இல்லை.

அதன்பின் பிரிட்ஜில் (உடம்பின்மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) சேடில் எனப்படும் தந்தித் தாங்கிகளின் உயரம், இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) எல்லாம் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். 12ஆவது ஃபிரெட்டின்மேல் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கிற சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எச்சரித்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒலிக்கலவை செய்கிற அக்காவுக்கு என்ன சொல்வது! அறையில் தனியாக வாசிக்கும்போது கும்மென்று இருக்கிற என் டோன், குழுவோடு சேர்ந்தால் காணாமல் போகிறது என்று புலம்பியிருந்தேன். ஒத்திகைப் பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, எந்தப் பாட்டில் எந்த நிமிடத்தில் நான் கிட்டாரோடு முட்டிக்கொள்கிறேன், எங்கே கிக் டிரம்மோடு கலந்து கரைகிறேன் என்று குறித்து அனுப்பினார். திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர் எதுவும் அதை உருப்படியாகத் தராது. 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் அதிர்வுகளைக் கேட்டுத்தான் காது அந்தச் சுரத்தைப் புரிந்துகொள்கிறது. நானோ அந்தப் பகுதியை ஆம்பில் குறைத்துவைத்து, அடியை ஏற்றியிருந்தேன். "ஆம்பில் பேஸ் (அடி ஒலி) குமிழை இறக்குங்க, மிட் (நடு ஒலி) குமிழை ஏற்றுங்க. தனியாகக் கேட்டால் பிடிக்காது, பரவாயில்லை" என்றார். உண்மைதான், தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஒத்திகையில் எங்கள் டிரம்ஸ்காரர் முதல் பாட்டிலேயே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். புது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எதுவும் தேவைப்படவில்லை.

என் மணிக்கட்டு வலிக்கு வழி சொன்னவர் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் பெரிய கருவி) வாசிக்கிற பெரியவர். ஐயா, நீங்கள் கருவியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் வாசிப்பதைப் பக்கவாட்டில் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். ஸ்ட்ராப்பைச் சுருக்கி, உட்கார்ந்தாலும் நின்றாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்யச் சொன்னீர்கள். ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நான் பிடிவாதமாக இருந்ததையும் விடச் சொன்னீர்கள். 34 அங்குல ஸ்கேலில் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட பட்டை) முதல் ஃபிரெட் வரை கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். 12ஆவது ஃபிரெட்டைத் தாண்டினால் அதில் பாதி. மேலே சரியாக வருகிற விரல் கணக்கு கீழே கையைப் பிய்த்துவிடும். ஆள்காட்டி, நடு, சுண்டு விரல் மூன்றையும் வைத்து, மோதிர விரலைச் சுண்டு விரலுக்குத் துணையாக விடுகிற முறையைக் காட்டினீர்கள். வியன்னாவின் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த பாடம் அது. அதோடு விடாமல், "வலி நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், விரல் முறையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்" என்றீர்கள். இப்போது வலி இல்லை, ஐயா.

இன்னும் நிறைய. கேபிளைச் செருகி வைத்திருந்தாலே ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே மின்சுற்று உள்ள பேஸ்) 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்று சொன்னவர், 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டை இணையாக மாட்டினால் ஆம்புக்கு அது 4 ஓம், மூன்றாவதை மாட்டும் முன் குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும் என்று ஆம்பின் பின்பக்கத்தில் படியுங்கள் என்று நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தடுத்து நிறுத்தியவர், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

கருவியைப் பற்றியே இல்லாத பேச்சுகளுக்கும் நன்றி. விரலா பிக்கா (தந்தி மீட்டும் சின்னத் தகடு) என்று ஆரம்பித்து நள்ளிரவு வரை போன அந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயர்பெற்ற பேஸ் கலைஞர்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒரே விரலால் வாசித்தார், கரோல் கே பிக்கால் வாசித்தார், இரண்டு பேரையும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்று ஒருவர் எழுதியதும் எல்லோரும் அவரவர் பேஸை எடுத்து வாசித்துப் பதிவனுப்ப ஆரம்பித்துவிட்டீர்கள். என் அம்மா மருத்துவமனையில் இருந்த வாரம் நான் எதுவும் பேசாமல் இருந்தபோது, "ஒன்றும் எழுத வேண்டாம், அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களும் நீங்கள்தான். அம்மா நன்றாக இருக்கிறார். உங்களை எல்லாம் விசாரித்தார்.

அப்புறம், கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, பிளாட்வவுண்ட் தந்தி (தட்டைக் கம்பி சுற்றிய வழுவழுப்பான தந்தி) மாட்டிவிட்டேன். வழுக்கிக்கொண்டு போகும்போது விரல் கீச்சிடுவது நின்றுவிட்டது. பழைய செட்டைவிட இழுவிசை கூடுதல் என்பதால் நெக்கை மறுபடி அளந்தேன். இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தது, சரிசெய்துவிட்டேன். ஈ தந்திதான் நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காரவில்லை, லேசாக மேலே தூக்கி நிற்கிறது. பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தணுமா, கொஞ்ச நாள் விட்டால் தானே படியுமா? படம் எடுத்து வைத்திருக்கிறேன், இன்று இரவு அனுப்புகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் 4 தந்திக்காரன்