நெக்ஸ்ட் பட்டனை விட்டுவிடுங்கள்: பஸ் சாரதிமாருக்கும் கொண்டக்டர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஓட்டத்துத் தனியார் பஸ்களில் வேலை செய்யும் அண்ணன்மாரே, காக்காமாரே, தம்பிமாரே,

2025 பிறந்ததோடு அரசாங்கத்தின் ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ திட்டமும் வந்து சேர்ந்தது. தொங்குகிற சோடனை, மேலதிக லைட், காதைக் கிழிக்கிற ஹோன் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிப் பொலிஸ் மறித்தது. அடுத்தது பாட்டுப் பெட்டிதானோ என்று உங்களில் சிலர் கதைத்துக்கொண்டதை நானும் கேட்டேன். பயப்பட வேண்டாம், இது முறைப்பாட்டுக் கடிதம் இல்லை. ஹோன் போகட்டும், பாட்டு இருக்கட்டும் என்கிற கட்சி நான். கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் பாட்டு இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் தன் காணிப் பிரச்சினையைத் தொடங்கிவிடுவார்.

எனக்கு உங்களோடு உள்ள சண்டை ஒன்றே ஒன்று. பாட்டை முழுக்க விடுங்கள். முடிந்தால் அல்பத்தையே முழுக்க விடுங்கள்.

பாட்டுச் செட்டில் நீல லைட் எரிகிறது. பென் டிரைவ் களவு போகாமல் இருக்க அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. மேலே பிள்ளையாரும் மாதாவும் 786 ஸ்டிக்கரும் பக்கம் பக்கமாக. கொண்டக்டர் தம்பி விரலிடுக்கில் நோட்டுகளை நீளமாக மடித்துச் செருகிக்கொண்டு, மற்றக் கையால் நெக்ஸ்டை அமத்துகிறார். பல்லவி முடிந்து சரணம் வரப்போகிற நேரம் பார்த்து அமத்துகிறார். ஆரையம்பதி தாண்டுவதற்குள் பத்துப் பாட்டின் தலையைக் கேட்டிருப்போம், ஒன்றின் உடம்பையும் கேட்டிருக்க மாட்டோம். ரீல்ஸ் பார்த்துப் பழகின விரல், குறை சொல்ல ஏலாது. ஆனால் ரீல்ஸ் பார்க்க எங்கள் கையிலும் போன் இருக்கிறதே!

பாட்டுப் பதிந்து கொடுக்கிற றெக்கோடிங் பார்கள் இருந்த காலத்தில் கசெட்டை ஏ பக்கம், பி பக்கம் என்று முழுக்கக் கேட்டோம். இன்று வீட்டில் ஆளுக்கொரு இயர்போன். ஒரு படத்தின் பாட்டுகளை ஐம்பது பேர் சேர்ந்து, வேண்டியவரும் வேண்டாதவரும், முதலிலிருந்து கடைசிவரை கேட்கக்கூடிய இடம் இந்தக் கரையில் உங்கள் பஸ் மட்டும்தான். 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் பாடுவதற்கு யாழ்ப்பாணம் முற்றவெளி வரைக்கும் வந்தார். எங்களிடம் வருவது உங்கள் பென்னில் ஏறி வருகிறவர்கள்தான். அதனால் 2024இல் எனக்குப் பிடித்த அல்பங்களை, எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதோடு சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாண்டில் எடுத்தவுடன் ‘ராயன்’ போடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் தனுஷுக்காக இறங்கி அடித்த தாளம். மீன் பாடுகிற கல்லடிப் பாலத்தில் சந்தோஷ் நாராயணனும் ஸ்வேதா மோகனும் ‘வாட்டர் பாக்கெட்’ பாடிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். ஆனால் ‘அடங்காத அசுர’னைத் தொடங்கினால் முடியுங்கள். காத்தான்குடி ஈச்ச மரங்களுக்குக் கீழே டிரபிக்கில் நிற்கும்போது அது முடிந்துவிடும், அவசரமே இல்லை.

‘லப்பர் பந்து’ பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிரிக்கெட் பந்து பொறுக்கி வளர்ந்த ஊர்கள் நமது. விஜயகாந்த் 2023 டிசம்பர் கடைசியில் காலமானார். ஒன்பது மாதத்தில் இந்தப் படம் அவருடைய ‘பொன்மனச்செல்வன்’ பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து, ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ 1989இல் ஓடினதைவிட இப்போது கூட ஓடுகிறதோ என்று நினைக்க வைத்துவிட்டது. இளையராஜாவுக்கு அது பெருமைதான். ஆனால் படத்துக்கு இசையமைத்த ஷான் ரோல்டன் பாவம் இல்லையா? ‘சில்லாஞ்சிறுக்கியே’ என்று ஒரு பாட்டு அதில் இருக்கிறது. பழசு முடிந்த கையோடு அதையும் ஒருக்காப் போடுங்கள்.

இனி என் முதலிடம்: ‘மெய்யழகன்’. கோவிந்த் வசந்தாவின் இசை. இதில் குத்து இல்லை, ஆகவே உங்களில் அரைவாசிப் பேருடைய பென்னில் இருக்காது என்று எனக்குத் தெரியும். சொத்துச் சண்டையில் வீட்டை இழந்து, ஊரைவிட்டுப் போனவன் வருசக்கணக்கில் கழித்து ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிற கதை. நம் பக்கத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. தொண்ணூறு யுத்தத்தில் போனவர்கள், சுனாமிக்குப் பிறகு போனவர்கள், காணியை விற்றுவிட்டு சுவிஸுக்குப் போய், இப்போது கோயில் திருவிழாவுக்கு மட்டும் வந்து பழைய படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். எழுபதைத் தொடுகிற வயதில் கமல்ஹாசன் ‘போறேன் நா போறேன்’ என்று அதில் பாடுகிறார். குரல் சில இடங்களில் உடைகிறது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரு பின்னேரம் களுதாவளையில் வெற்றிலைக் கட்டோடு ஏறின ஒரு அப்பு முன் சீட்டில் இருந்தார். எப்படியோ இந்தப் பாட்டு வந்துவிட்டது. கொண்டக்டர் தம்பியின் விரல் செட்டுப் பக்கம் போனது. “விடு மனெ, அந்தாள் பாடி முடிக்கட்டும்” என்றார் அப்பு, திரும்பிக்கூடப் பார்க்காமல். தம்பியும் விட்டுவிட்டார். கோட்டைக்கல்லாறு வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. களுவாஞ்சிகுடிச் சந்தைச் சனம் ஏறின பஸ்ஸில் இது நடந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

‘அமரன்’ படத்தைப் பற்றி நான் பேச வரவில்லை, அது வேறு வாக்குவாதம். ஆனால் ஜி.வி. பிரகாஷின் ‘ஹே மின்னலே’ நல்ல மெலடி, ஹரிசரணும் ஸ்வேதா மோகனும் அனுபவித்துப் பாடியிருக்கிறார்கள். அதே ஆளுடைய ‘தங்கலான்’தான் எனக்கு அதைவிடப் பெரிசு. உமாதேவி எழுதி சிந்தூரி விஷால் பாடின ‘மினிக்கி மினிக்கி’யை, நிந்தவூர் வயல் இரண்டு பக்கமும் பச்சையாகக் கிடக்கிற மாசத்தில் போடாமல் எப்போது போடப்போகிறீர்கள்?

ஒரு பாட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுவேன். பாடகி பவதாரிணி 2024 ஜனவரி 25ஆம் திகதி காலமானார். கொழும்பில், நம்முடைய நாட்டில்தான் அந்த உயிர் போனது. பிறகு ‘கோட்’ படத்தில் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டுக்கு அவருடைய குரலை ஏஐ வைத்துச் செய்து சேர்த்தார்கள். இசையமைத்தது அவருடைய தம்பி யுவன். யுவனுடைய துக்கம் யுவனுக்கு, அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஆனாலும் பவதாரிணி பாடாத பாட்டை அவர் பாடினதாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி 25 அவருடைய நினைவு நாள். அன்றைக்கு அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டைப் போடுங்கள்.

நான் சொன்ன விதிக்கு விலக்கு ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில், மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அள்ளுண்டு போன அந்தக் கிழமை, நான் ஏறின பஸ் ஒன்றிலும் பாட்டு இல்லை. ஒருவரும் சொல்லாமல் நீங்களாகவே நிறுத்தியிருந்தீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. சந்தோஷ் நாராயணனின் ‘வாழை’யும் 2024இன் நல்ல அல்பங்களில் ஒன்று. வாழைத்தார் சுமக்கப் போன கூலிச் சனம் லொறி கவிழ்ந்து சாகிற படம் அது. தீ பாடின ‘தென்கிழக்கு’ பாட்டைத் தாராளமாகப் போடுங்கள். ‘பாதவத்தி’ ஒப்பாரியைக் காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இப்போதைக்குப் போட வேண்டாம். அந்தத் தாய்மார் யாராவது உங்கள் பஸ்ஸில் இருப்பார்கள்.

2024 டிசம்பர் கடைசியில் ‘விடுதலை 2’ வந்தது. 81 வயதில் இளையராஜா ‘தினம் தினமும்’ என்று அனன்யா பட்டோடு பாடுகிறார். ‘மனசுல’ பாட்டில் கச்சேரி மேடை சஞ்சய் சுப்ரமண்யனைக் கூட்டி வந்திருக்கிறார். ‘யாழ் நூல்’ எழுதின விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் அப்படி ஒரு குரல் கேட்டால் கெட்டுப்போகாது. அப்புறம், நம்ம பொடியன்மார் வீட்டு அறைக்குள் இருந்து பதிந்து யூடியூபில் போடுகிற ராப் பாட்டுகளில் இரண்டொன்றையும் இடையில் சேர்த்தால் அவர்கள் பெட்ரோல் அடித்துக்கொண்டு வந்து உங்கள் பஸ்ஸைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் யார் மினக்கெட்டு இறக்குவது என்று கேட்பீர்கள். நான் இறக்கித் தருகிறேன். படம் படமாகப் பிரித்து, பாட்டு மாறி விழாமல் இலக்கம் போட்டு, புதுப் பென்னில் ஏற்றித் தருகிறேன். காசு ஒன்றும் வேண்டாம். ஐநூறு தந்தால் ‘இறங்கும்போது வாங்குங்கோ’ என்று சொல்லுகிற அந்த மிச்சத்தை மட்டும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
பின் கதவுக்குப் பக்கத்து சீட்டில் வழமையாக வருகிறவன்