எல்வ்ஸ்ட்ரோம் என்றால் நான்கு தங்கம் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலிம்பிக் சாதனையாளர்களைப் பட்டியல் போடும்போதெல்லாம் டென்மார்க்கின் பாய்மரப் படகு வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் ஒரே வரியில் முடிந்துபோகிறார்: 1948, 1952, 1956, 1960 என்று தொடர்ந்து நான்கு தங்கம். கணக்கு சரிதான். ஆனால் டிங்கி என்கிற சிறிய பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களிடம் அவர் பேச்சை எடுத்தால், பதக்கத்துக்கு முன்னால் படகின் அடியில் பதித்திருக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் பெட்டிதான் பேச்சில் வரும்.

அதன் பெயர் பெய்லர். அலை ஏறி உள்ளே விழும் தண்ணீரைக் கையால் மொண்டு ஊற்றுவது பழைய வழி. ஒரு கை சுக்கானில், இன்னொன்று பாய்க்கயிற்றில். மொள்வதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? எல்வ்ஸ்ட்ரோம் பெயர் தாங்கிய பெய்லர் ஆப்பு மாதிரி இருக்கும். அழுத்தினால் அடிப்பலகைக்குக் கீழே சற்று இறங்கும். அதன் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். படகு மூன்று, நான்கு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் பிடித்ததும் ஆப்பைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளே தேங்கியது தானே உறிஞ்சிக்கொண்டு வெளியேறும்.

வேகம் விழுந்தால் உறிஞ்சல் நின்றுவிடும். அப்போது வெளித்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு மடல் உண்டு. அதில் ஒரு மணல் பரல் சிக்கினால் போதும், படகு மெல்ல நிரம்பத் தொடங்கும். அதனால் காற்று ஓய்ந்தால் பெய்லரை மூடிவிட வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் திறந்தே கிடந்தால் வேகத்தைத் தின்னும். கரையேறும்போது மூட மறப்பதுதான் பெரிய தப்பு. மணலிலோ தள்ளுவண்டியிலோ இடித்து ஆப்பு வளைந்துவிட்டால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் ரப்பர் வளையத்தோடு பொருந்தி உட்காராது. சந்தேகம் இருந்தால் கரையிலேயே பெய்லரை மூடி, படகுக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே குனிந்து பாருங்கள். வளையம் தேய்ந்து சொட்டினால் வளையத்தைத்தான் மாற்ற வேண்டும். திருகாணியை மேலும் மேலும் இறுக்கினால் ஃபைபரில் விரிசல் விழும்.

அடுத்தது, படகுக்கு வெளியே தொங்குவது. ஃபின் என்கிற டிங்கி வகையில் ஒரே ஆள், பாயோ சுமார் 10 சதுர மீட்டர். உடம்பின் எடை காற்று வரும் பக்கம் போதிய அளவு வெளியே போகாவிட்டால் படகு சாயும். சாய்ந்த படகு பக்கவாட்டில் வழுக்கும், சுக்கான் பிடியும் கனக்கும். பாதத்தைப் படகுக்குள் இருக்கும் பட்டையில் மாட்டி, தொடைவரை விளிம்புக்கு வெளியே நீட்டித் தொங்குவதை ஒரு கலையாகவே ஆக்கியவர் எல்வ்ஸ்ட்ரோம். அதற்காக வீட்டிலேயே ஒரு பெஞ்சு வைத்து, பட்டை கட்டி, தொங்கித் தொங்கிப் பழகினார். இன்றைக்கும் முட்டி வலிக்கும்போது அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, பாசத்தோடுதான்.

1948-இல் இங்கிலாந்தின் டார்பேயில் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இறங்கியபோது அவருக்கு வயது 20, கூச்ச சுபாவம் வேறு. முதல் பந்தயத்தை முடிக்கவே இல்லை. கடைசி இரண்டையும் வென்று தங்கத்தைப் பிடித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய பந்தய விதி விளக்க நூலோடு சின்னச் சின்ன பிளாஸ்டிக் படகுகள் வரும். மோதல் புகார் விசாரணையில் "நீ இங்கே இருந்தாய், நான் இங்கே" என்று மேசைமேல் நகர்த்திக் காட்ட அவைதான் சாட்சி.

1984 ஒலிம்பிக்கில் மகள் டிரினோடு டொர்னாடோ என்கிற இரட்டை உடல் படகில் (கட்டமரான்) நான்காவது இடம். அப்போது வயது 56. 1988-இலும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். 2016-இல் காலமானார்.

அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது, நான்கு தங்கத்துக்குப் பக்கத்தில் பெய்லருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
டிங்கி ஓட்டும் வாசகர் ஒருவர்