கபடிக்காரனை விழாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் இரத்த வங்கியின் சிஸ்டருக்கும், அங்கே காபி கொடுக்கும் அண்ணாச்சிக்கும், கூடவே வந்த நண்பனுக்கும், முகம் தெரியாத நான்கு பேருக்கும் வணக்கம்.

போன வாரம் ஐந்தாவது முறையாக இரத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு எழுந்து, நடந்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். இதற்கெல்லாமா ஒரு மடல் என்று கேட்பவர்களுக்கு என் முதல் முறையைப் பற்றித் தெரியாது.

அப்போது எனக்கு 19 வயது. கல்லூரி கபடி அணியில் இருந்தேன். முகாம் அன்று தாமதமாக எழுந்ததால் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பை நிறைந்து ஊசியை எடுத்ததும் துள்ளி எழுந்து பிஸ்கட் மேசையை நோக்கி நடந்தேன். காது அடைத்தது. உள்ளங்கை சில்லிட்டது. எதிரே நின்றவர்கள் எல்லோரும் மஞ்சள் நிறமாகி, பிறகு கறுத்துப் போனார்கள். கண் விழித்தபோது பிஸ்கட் தட்டு என் நெஞ்சின்மேல் கிடந்தது. அன்று கிடைத்த பட்டப்பெயர் படிப்பு முடியும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

அதன்பின் எட்டு ஆண்டுகள் யார் கேட்டாலும் காய்ச்சல், மாத்திரை, தூக்கமின்மை என்று ஏதாவது சொல்லித் தப்பித்தேன். என் தங்கையின் பிரசவத்தன்று அது முடிவுக்கு வந்தது. குழந்தை பிறந்த பிறகும் அவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு யூனிட் ஏற்றினார்கள். அவளும் ஓ பாசிட்டிவ், நானும் ஓ பாசிட்டிவ். வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளே ஏறியதோ யாரோ முன்பே கொடுத்து, பரிசோதித்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த இரத்தம். சிவப்பணுக்களை அதிகம்போனால் 42 நாள் வைத்திருக்கலாம் என்று பிற்பாடு அறிந்தேன். அப்படியானால் அதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் நான்கு பேர் எங்கோ கையை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். அவர்களில் எவருக்காவது என்னைப்போல் கண் இருட்டியதா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்கள் நால்வருக்கும் என் மருமகளின் பெயரில் நன்றி. அவள் இப்போது நன்றாக ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை.

சிஸ்டர், உங்களிடம் வருகிறேன். முதன்முதலாக உங்கள் இரத்த வங்கிக்கு வந்த அன்று, முன்பு மயங்கியது உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் உண்மையை எழுதினேன். திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் பாதி ஆசை. நீங்கள் கேட்டதோ, “காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தம்பி?” என்று மட்டும்தான். இரண்டு பிஸ்கட் என்றேன். இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினீர்கள். வந்ததும் அரை லிட்டர் தண்ணீரை முழுவதும் குடிக்க வைத்தீர்கள்.

அதற்குமேல் நீங்கள் சொன்னதுதான் எட்டு ஆண்டு வெட்கத்தைக் கரைத்தது. மயங்குவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, வேகஸ் என்ற நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்வது என்றீர்கள். அது இதயத் துடிப்பை மந்தமாக்குகிறது. அதே நேரத்தில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போதிய அளவு எட்டாமல் போகிறது. நான் கபடி ஆடியவன் என்று தெரிந்ததும், “காலைப் பிடித்தவனை உதறுவதற்கு முன் தொடையை எப்படி இறுக்குவீர்கள்? அதையே படுத்துக்கொண்டு செய்யுங்கள்” என்றீர்கள். கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பின்புறம், அடிவயிறு எல்லாவற்றையும் இறுக்கி ஐந்து எண்ண வேண்டும். பிறகு தளர்த்தி ஐந்து எண்ண வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஊசி இருக்கும் கையை மட்டும் சும்மா விட்டுவிட வேண்டும். கபடியில் மூச்சைப் பிடித்துப் பழகியவனுக்கு மூச்சை விடச் சொன்னதுதான் சிரமமாக இருந்தது.

நீங்களே எண்ணினீர்கள். நடுவில் உங்கள் மகனின் கணக்குப் பரீட்சையைப் பற்றியும் பேசினீர்கள். பை நிறையப் போகிற சமயத்தில் அந்தப் பழைய இரைச்சல் காதில் கேட்டது. சொல்ல நா எழவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தே கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, “இறுக்குங்கள், விடாதீர்கள்” என்று அதட்டினீர்கள். இறுக்கினேன். இரைச்சல் மெல்லப் பின்வாங்கியது. கூரையில் மின்விசிறி சுற்றுவது மறுபடி தெரிந்தது. அந்த மின்விசிறியைப் போல் அழகான பொருளை நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருமுறை ஹீமோகுளோபின் 12.1 இருக்கிறது, 12.5 வேண்டும் என்று என்னைத் திருப்பி அனுப்பிய ஆய்வக ஊழியருக்கும் நன்றி. அன்று கோபம் வந்தது உண்மை. அதன் பலனாக என் வீட்டில் முருங்கைக்கீரை வாரம் இருமுறை வேகிறது.

என் நண்பா, அந்தப் பட்டப்பெயரைக் கண்டுபிடித்தவனே நீதான். ஆனாலும் இந்த இரத்த வங்கிக்கு நான் வந்த ஒவ்வொரு முறையும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாய். நான் எழுந்து நடக்கும்போது எந்தப் பக்கம் சாய்வேன் என்று கணக்குப் போட்டு அந்தப் பக்கமாகவே நடந்தாய். கபடியில்கூட நீ இவ்வளவு கவனமாக நின்றதில்லை. கணக்கு நேராகிவிட்டது.

அண்ணாச்சி, பதினைந்து நிமிடம் ஆகும்வரை நாற்காலியைவிட்டு எழக்கூடாது என்று உங்களைப்போல் யாரும் கண்டிப்பாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே வந்த முதல் முறை, போன் வருகிறது என்று எழுந்தவனைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தீர்கள். கல்லூரியில் நான் விழுந்ததே எழுந்து நடந்த பிறகுதான் என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது. ஆனால் என்னைப்போல் எத்தனையோ பேரை அந்த மேசையருகே பார்த்திருப்பீர்கள்.

90 நாள் கழித்து மறுபடி வருகிறேன். அந்தக் காபியில் மட்டும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், அண்ணாச்சி. அதைக் குடித்தால்தான் இப்போது தலை சுற்றுகிறது.